நூறு நாள் திறக்காத பை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவசரகாலப் பை வந்த அன்று, மூன்றாம் வகுப்பின் கரும்பலகை கழன்று விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. விழுந்த பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துக் குனிந்து குனிந்து எழுதியதில் என் இடுப்பு போய்விட்டது. ஆணி அடிக்க ஆள் அனுப்புங்கள் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது முறை எழுதுவதற்குள் ஆளே வந்துவிட்டார். கையில் சுத்தியல், சட்டைப்பையில் ஆணி. எனக்கு வாயெல்லாம் பல். வந்தவர் கரும்பலகையைத் தாண்டிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் நான்கு ஆணி அடித்து ஒரு சிவப்புப் பையை மாட்டினார்.

"அப்ப பலகை?" என்றேன்.

"அது வேற துறைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மிச்ச ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பத்தொன்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். கோபப்படக் கூடாது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவர் வாரத்துக்கு ஒரு தடவைதான் என்னைப் பார்க்கிறார். பையை அனுப்பிய முன்னேற்பாட்டுத் துறையை நான் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் அந்தத் துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்து பையைப் பற்றி எங்களுக்கு விளக்கினார். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் பட்டை, பட்டையில் 'தயார்' என்று எழுத்து. பையில் இருபத்தேழு பொருள்கள் இருப்பதாகச் சொன்னார். விசில், டார்ச், கட்டுத்துணி, பளபளவென்று மின்னும் போர்வை ஒன்று, பிஸ்கட், தண்ணீர்ப் பாக்கெட் பதினொன்று.

"என் வகுப்புல முப்பத்து நாலு பேர் சார். தண்ணி பதினொண்ணுதான் இருக்கு" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு பேரிடர்ல எல்லாருமே மிஞ்ச மாட்டாங்க டீச்சர். நாங்க சராசரி எடுத்திருக்கோம்."

முப்பத்து நான்கு குழந்தைகளும் அவர் எதிரில் கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சப்போகிற பதினொரு பேர் யார் யார் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

முதல் பெஞ்சு ஓரத்தில் உட்காருகிற பெண்ணைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வயது எட்டு, பார்த்தால் ஆறு சொல்லலாம். பட்டாணி என்று நான்தான் பெயர் வைத்தேன். இப்போது பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே வருகிற சர்க்கரை நோய். அம்மா காலையில் ஊசி போட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்புவாள். அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கிற வேலை. வேலை முடிகிறவரை போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள், கூப்பிட முடியாது. அதனால் பள்ளி திறந்த முதல் நாளே என் மேசைமேல் ஒரு குளுக்கோஸ் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"டீச்சர், சர்க்கரை இறங்கிட்டா இவளுக்குத் திடீர்னு வேர்க்கும். ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தாலும் வேர்க்கும். அப்புறம் சம்பந்தமே இல்லாம சிரிப்பா. அந்தச் சிரிப்பு வந்துச்சுன்னா பாடத்தை நிறுத்திடுங்க. இதுல ரெண்டு ஸ்பூன் தண்ணியில கலந்து குடுங்க. பத்து நிமிஷத்துல சரியாயிடுவா. அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுட்டோம்னா..."

டப்பா மூடியை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினாள்.

டப்பா என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை தேவைப்படும். வகுப்பு முழுக்க விஷயம் தெரியும். பட்டாணி தப்பான இடத்தில் சிரித்தால் ஒருத்தி தண்ணீர் எடுக்க ஓடுவாள், ஒருவன் டப்பாவைத் திறப்பான், நான் கலக்கிக் கொடுப்பேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பெருக்கல் வாய்ப்பாடு. இதற்குத் துறை தேவைப்படவில்லை, தோளில் பட்டை கட்டின ஆளும் தேவைப்படவில்லை. அதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது போலிருக்கிறது.

பை வந்த பத்தாம் நாள் எங்கள் அலுவலக எழுத்தர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். எதைக் கேட்டாலும் மூன்று நகல் கேட்பார், ஆகவே அவருக்குப் பெயர் மூணு நகல். வகுப்பறையில் உள்ள உயிர்காக்கும் பொருள்கள் யாவும் இனி ஒரே இடத்தில், அதாவது பைக்குள் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. குளுக்கோஸ் டப்பா இருபத்தெட்டாவது பொருளாகப் பைக்குள் போனது. பைக்குக் கம்பி கட்டி சீல் வைத்தார்கள். சீல் எண் 40718.

அலுவலரைத் தேடிப் போய்க் கேட்டேன். "சார், இந்தப் பொண்ணுக்கு வாரா வாரம் வேணும். எப்படித் திறக்கறது?"

"ரொம்ப சுலபம். ஒன்பதாம் நம்பர் படிவம். வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், நான், மூணு பேர் கையெழுத்து."

"எனக்குப் பத்து நிமிஷம்தான் சார் இருக்கு."

"அவசரப்பட்டா எப்படி டீச்சர்? மொதல்ல இது அவசரநிலைதானான்னு தீர்மானிக்கணும் இல்லையா?"

"கொழந்தை மயங்கி விழுந்தா அது அவசரநிலை இல்லையா?"

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இந்தக் கேள்விக்காகவே அவரைப் பெற்று வளர்த்திருப்பார்கள் போல. "கொழந்தை விழுந்தா அது சம்பவம். பையைத் திறந்தாத்தான் அவசரநிலை. விதியிலயே தெளிவா இருக்கு. சம்பவம் உங்க பள்ளிக்கூடத்தோடது. அவசரநிலை எங்களோடது. உங்களுது வாரம் ஒண்ணு வரட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. எங்களுது இந்த வட்டாரத்துல இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல. அந்தப் பேரைக் கெடுத்துடாதீங்க."

வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, உள்ளே போய் வருகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

அதற்கப்புறம் தினமும் காலை ஒன்பது பத்துக்குச் சீல் வாசிப்பு. பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் பைக்கு அருகில் போய் எண்ணை உரக்கப் படிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, நான் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலாண்டுத் தேர்வில் ஏழெட்டு எத்தனை என்று கேட்டிருந்தேன். பதினாறு பேர் 40718 என்று எழுதியிருந்தார்கள். நான் தப்புப் போடவில்லை. அந்த மூன்று மாதத்தில் அரசாங்கம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

பிறகு பை வெயில் பட்டு வெளுக்கிறது என்று ஒரு புகார் வந்தது. உடனே பையைக் கழற்றித் தலைமையாசிரியர் அறையில் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி மூணு நகலிடம். வகுப்புச் சுவரில், பை இருந்த அதே ஆணிகளில், பையின் வண்ணப் புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அன்றிலிருந்து புகைப்படத்தைப் பார்த்து எண்ணை வாசித்தோம். படம் தெளிவாக இருக்கிறது, முன்பைவிட வசதி என்று அலுவலர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

பள்ளி வண்டிக்கும் வந்தது ஒரு பெட்டி. தகரப் பெட்டி, அதுவும் சிவப்பு. வைக்க இடமில்லாமல் கடைசி இருக்கையில் வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் உட்காரும் இடம் போயிற்று. யார் இரண்டு பேர் இறங்குவது என்பதைத் தலைமையாசிரியர் ஆழ்ந்து யோசித்து, ரொம்பச் சின்னவர்களாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பில் பாரம் இல்லை, நடப்பது சுலபம் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒன்று பட்டாணி. இன்னொன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

வண்டி ஓட்டுகிற அண்ணன் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "பெட்டிக்கு பெல்ட் போட்டு வெச்சிருக்கேன் டீச்சர். ஆடினா அபராதமாம். பிள்ளைங்களுக்கு பெல்ட் கிடையாது, அதைப் பத்தி யாரும் கேக்கல. ரெண்டு கிலோமீட்டர் அந்தச் சின்னது ரெண்டும் ரோட்டோரமா நடந்து வருது. நான் பெட்டியை ஏத்திக்கிட்டு அதுங்களைத் தாண்டி வர்றேன். எனக்கு முகத்தைக் காட்ட முடியல."

நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும். வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த சிரிப்பு மூன்று முறை வர ஆரம்பித்தது. நான் என்ன செய்ய? சுண்ணக்கட்டிப் பெட்டியில் மேலாக நான்கு கட்டியை அடுக்கி, அடியில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் கொஞ்சம் மிட்டாயும் ஒளித்து வைத்துக்கொண்டேன். அரசாங்கப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் ஒழுங்காக இருந்தவள், கடைசியில் சர்க்கரை கடத்துகிறவள் ஆனேன். யாராவது வருகிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் இருமிக் காட்டுவார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த இருமலைத்தான்.

இடையில் ஒரு வெளியேற்ற ஒத்திகை நடந்தது. விசில் ஊதியதும் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். முதலில் பை, பின்னால் பிள்ளைகள். விசில் ஊதினார்கள். பை அலமாரியில், சாவி மூணு நகலிடம், மூணு நகல் டீக்கடையில். முப்பத்து நான்கு பேரும் கதவுக்கு உள்ளே வரிசையாக நின்றோம். 'கட்டடம் எரிகிறது' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலர் வெளியில் நின்றார். கால்மணி நேரம் எரிந்தது. மூணு நகல் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பையை எடுத்தார். பை அசைந்த நொடியிலிருந்துதான் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். நாற்பது விநாடியில் பை வெளியே வந்துவிட்டதாம். 'மிக நன்று' கிடைத்தது.

மதிப்பீட்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். பை நனைந்ததா, வார் அறுந்ததா, சீல் அப்படியே இருக்கிறதா என்று பன்னிரண்டு கட்டங்கள். பிள்ளைகள் வெளியே வந்தார்களா என்பதற்குக் கட்டம் இல்லை.

"அது வருகைப் பதிவேட்டுல இருக்குமே டீச்சர்" என்றார் அலுவலர். "ஒரே தகவலை ரெண்டு எடத்துல எழுதறது நிர்வாகம் ஆகாது."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. பிள்ளைகள் நின்றதால் விழுங்கினேன்.

சீல் வைத்து நூறு வேலைநாள் ஆனதும் எங்கள் பள்ளிக்கு விருது என்று அறிவித்தார்கள். நூறு நாளும் திறக்கப்படாத பை இந்த வட்டாரத்திலேயே எங்களுடையதுதானாம். விருது கொடுக்க முன்னேற்பாட்டுத் துறையின் ஆணையரே வருகிறார். பை மேடையில் இருக்க வேண்டும். அதை ஒரு குழந்தை கையில் ஏந்தி நிற்க வேண்டும். சின்னக் குழந்தையாக இருந்தால் படத்தில் பை பெரிதாகத் தெரியும் என்று பட்டாணியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று காலை மேசைகளைச் சுத்தம் செய்ய மூணு நகல் வந்தார். சுண்ணக்கட்டிப் பெட்டியைக் கவிழ்த்தார். பிள்ளைகள் இருமினார்கள். இருமி என்ன பிரயோசனம்?

"என்ன டீச்சர் இது? தனியார் சேமிப்பா?"

"அந்தப் பொண்ணுக்குங்க. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் மேல எழுதாம விடறேன்" என்று சர்க்கரையை ஜன்னல் வழியாக வெளியே கொட்டினார். மிட்டாய்களில் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று மற்றவற்றைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

ஆணையர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதுக்கே பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தினார்கள். பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணியை அடிக்கவில்லை. ஆணையர் வருகிற நேரத்தில் பிள்ளைகள் மென்றுகொண்டிருந்தால் நன்றாக இருக்காதாம். பட்டாணி மேடையில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பை அவள் மோவாய்வரை இருந்தது.

நான் தலைமையாசிரியரிடம் போனேன். "சார், அவ சாப்பிடணும். அஞ்சு நிமிஷம் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடறேன்."

"கையில பை இருக்கே டீச்சர். யார்கிட்ட குடுக்கறது? கைமாத்தினா படிவம் போடணும்."

"என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க, நான் நிக்கறேன்."

"நீங்க நின்னா பை சின்னதாத் தெரியும்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது, அவ்வளவுதான். அந்த எட்டு மாதத்துக்கு அவர் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி வைப்பார்.

ஒன்று ஐந்துக்கு ஆணையர் வந்தார். மேடையில் அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ் வைத்தார்கள். அவர் எழுந்து பேச ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த குழந்தைகளே! ஆபத்து வந்தபிறகு ஓடிப்போய் உதவுவது சாதாரண மனிதர்களின் வேலை. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகலாம். நமது துறை அப்படிப்பட்ட துறை அல்ல! நாம் தயாராக இருக்கிறோம். தயாராகவே இருப்போம். தயார்நிலையை ஒருபோதும் பயன்படுத்தி வீணாக்க மாட்டோம்! ஒரு பை திறக்கப்படாத ஒவ்வொரு நாளும் ஓர் உயிர் காப்பாற்றப்பட்ட நாள். அப்படியானால் இந்த மூன்றாம் வகுப்பு நூறு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. முப்பத்து நான்கே பேர் படிக்கும் வகுப்பில் நூறு உயிர்கள்!"

கைதட்டினார்கள். நான் பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி மினுமினுத்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

"பேரிடர் சொல்லிக்கொண்டு வருவதில்லை" என்றார் ஆணையர், குரலைத் தாழ்த்தி.

பட்டாணி சிரித்தாள். கலகலவென்று, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பேதான். ஆணையருக்கோ முகமெல்லாம் மலர்ந்தது. "பாருங்கள், இந்தக் குழந்தையின் சிரிப்பைப் பாருங்கள்! பாதுகாப்பாக உணரும் குழந்தையால்தான் இப்படிச் சிரிக்க முடியும். இதைவிட எங்கள் துறைக்கு என்ன சாட்சி வேண்டும்?" புகைப்படக்காரர் முன்னால் ஓடி நான்கைந்து படம் எடுத்தார். என் வகுப்புப் பிள்ளைகள் கீழே ஒரேயடியாக இரும ஆரம்பித்தார்கள். முப்பத்து மூன்று பேரும் இருமினார்கள்.

நான் மேடையேறினேன். யாரோ கையைப் பிடித்தார்கள், உதறினேன். பட்டாணியை மடியில் சாய்த்துக்கொண்டு பையைப் பிடுங்கினேன். சீல் கம்பி கையால் அறுபடவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். உதடு கிழிந்தது. விசில், டார்ச், மினுக்குப் போர்வை, எல்லாவற்றையும் மேடையில் கொட்டினேன். டப்பா இல்லை. டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட்டு இருந்தது. 'பொருள் எண் 28: காலாவதித் தேதி அழிந்து காணப்பட்டதால் மாதாந்திர ஆய்வில் அகற்றி அழிக்கப்பட்டது. பொருளின் இடத்தில் இச்சீட்டைப் பொருளாகக் கருதவும்.' கீழே முத்திரை, கையெழுத்து.

மாதா மாதம் அவர்கள் மட்டும் திறந்திருக்கிறார்கள். ஆய்வுக்காகத் திறப்பது திறப்பு ஆகாதாம். அதற்கும் விதி இருக்கிறதென்று பிறகு சொன்னார்கள்.

நிமிர்ந்தேன். எதிரில் ஆரஞ்சு ஜூஸ் இருந்தது. எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் ஊட்டினேன். "முழுங்கு கண்ணு. சிரிக்காத, முழுங்கு. இன்னும் ஒரு வாய்." அவள் விழுங்கினாள்.

"அது எனக்கு வெச்சது" என்றார் ஆணையர். மைக் இன்னும் அவர் கையில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

மூன்று அலுவலர்கள் மேடைக்கு ஓடிவந்தார்கள். குழந்தையிடம் அல்ல, பையிடம். ஒருவர் பிஸ்கட்டை எண்ணினார், ஒருவர் தண்ணீர்ப் பாக்கெட்டை எண்ணினார், ஒருவர் அறுந்த சீலைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்தார். பத்து நிமிஷம் கழித்துப் பட்டாணி கண்ணை நன்றாகத் திறந்து, "டீச்சர், உங்க வாயில ரத்தம்" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் விசாரணை. நம்ம தோள்பட்டைக்காரர்தான் விசாரித்தார். என்மேல் மூன்று குற்றம். சீலைச் சேதப்படுத்தியது, சிறப்பு விருந்தினரின் பானத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியது, அவசரநிலையை உண்டாக்கியது.

"பை திறக்காம இருந்தா அது வெறும் சம்பவம். நீங்க திறந்தீங்க. அவசரநிலை ஆயிடுச்சு. இந்த வட்டாரத்தோட முதல் அவசரநிலை டீச்சர்! எப்படி உங்களுக்கு மனசு வந்துச்சு?"

"கொழந்தை செத்திருந்தா?"

"நூறு நாள் கணக்கு அப்படியே இருந்திருக்கும்" என்றார் அவர். சொன்ன பிறகாவது முகம் கொஞ்சம் மாறுமா என்று பார்த்தேன். மாறவில்லை. பேனா மூடியைத் திறந்து, ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'அவசரநிலைக்குக் காரணமானவர்' என்று ஒரு கட்டம்.

"இதுல ஒரு ஆளைப் போட்டாகணும். பொண்ணைப் போட்டா அவ அபாய மூலம். மாற்றுச் சான்றிதழ் குடுத்து அனுப்பிடுவோம். வகுப்பு சுத்தமாயிடும், உங்க வேலையும் பத்திரம். உங்களைப் போட்டா நீங்க அபாய மூலம். பணியிடை நீக்கம். யோசிச்சு எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

நான் யோசிக்கவில்லை. என்னை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு நடக்கும்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் பட்டாணியின் அம்மா வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளெல்லாம் நூல் பிசிறு. அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றாள்.

"என்னைப் போட்டுக்கோங்கன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"வேற வழி இல்லம்மா. இல்லேன்னா அவளை வெளிய அனுப்பிடுவாங்க."

"எல்லாரும் உங்களைப் பெருமையாப் பேசறாங்க. எனக்கு எரியுது டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்துல எம்பொண்ணு சிரிச்சா பயப்படறதுக்கு ஒரே ஒரு பெரிய ஆள் இருந்தீங்க. நீங்களும் வெளிய வந்துட்டா உள்ள யாரு இருக்கா? நாளைக்கு நான் அவளை யாரை நம்பி அனுப்பறது? அனுப்பாம வீட்டுல வெச்சா யாரு பாத்துக்கறது? சொல்லுங்க."

கர்வம் போன இடம் தெரியவில்லை. அந்த ராஸ்கல்கள் படிவத்தில் இரண்டு பதில் கொடுத்தார்கள், இரண்டிலும் அந்தக் குழந்தையைத்தான் தள்ளிவிட்டிருந்தார்கள். நான் பெரிய தியாகி மாதிரி ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"அனுப்பு. நாளைக்கும் அனுப்பு" என்றேன். "நான் இருப்பேன்."

எங்கள் வகுப்பறையின் ஒரு ஜன்னல் தெருப்பக்கம் இருக்கிறது. பணியிடை நீக்கம் ஆனவர் பள்ளி வளாகத்துக்குள் நுழையக் கூடாது. தெருவில் நிற்கக் கூடாது என்று விதி இல்லை. மறுநாள் காலையில் ஒரு முக்காலி, ஒரு குடை, ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு பொட்டலம் சர்க்கரையோடு போய் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்தேன். பட்டாணியைப் பிள்ளைகளே ஜன்னலோரம் மாற்றி உட்காரவைத்தார்கள். உள்ளே ஐந்தாம் வகுப்பு டீச்சர் இரண்டு வகுப்பையும் சேர்த்து மேய்த்துக்கொண்டிருந்தாள்; பாவம், அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அந்தச் சிரிப்பு வந்தது. கம்பி வழியாக டம்ளரைக் கொடுத்தேன். குடித்தாள். வாய்ப்பாடு தொடர்ந்தது.

ஐந்தாம் நாள் அலுவலர் தெருவழியாக வந்தார். கூடவே ஒரு கொத்தனார், கலவைச் சட்டி, கரண்டி. செங்கல் காலையிலேயே வந்து இறங்கியிருந்தது, ஜன்னலுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இந்த ஜன்னல் பாதுகாப்பு வரைபடத்துல இல்ல டீச்சர்" என்றார் அலுவலர். "இது வழியா யாராவது பையைத் திருடிடலாம்."

"பை அலமாரியில இருக்கு சார்."

"புகைப்படம் இருக்கே." பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள அடைச்சுடுங்க."

கொத்தனார் அளவு எடுத்தார். ஐம்பது வயது இருக்கும், தலையில் துண்டு. அளந்துகொண்டே என்னிடம், "நீங்கதான் பல்லால கடிச்ச டீச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எந்தப் பொண்ணு?" என்றார். காட்டினேன். கம்பியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டாணி அவரைப் பார்த்து, இது சாதாரணச் சிரிப்பு, சிரித்தாள். அவர் துண்டை அவிழ்த்து உதறி, செங்கல் அடுக்கின்மேல் வசதியாக ஏறி உட்கார்ந்தார்.

"சார், இன்னைக்கு வேலை ஆகாது. செங்கல் இன்னும் வரல."

அலுவலர் செங்கல்லைப் பார்த்தார். அதன்மேல் உட்கார்ந்திருந்த கொத்தனாரைப் பார்த்தார்.

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாதுங்க. இந்த வருஷம் வராது போலிருக்கு."

"எழுத்துல குடுங்க" என்றார் அலுவலர்.

கொத்தனார் ஒரு செங்கல்லைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்து, 'செங்கல் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலுவலர் படித்துப் பார்த்தார். இன்னும் இரண்டு நகல் கேட்டார். அவற்றையும் வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனார். மணி பதினொன்று ஆகியிருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, பட்டாணியின் நெற்றியைப் பார்க்க ஆரம்பித்தேன்.